வீட்டுக்கும் கடமைக்கும் ஒரு துப்பாக்கி: நம்பகத்தன்மை எதில் தங்கியுள்ளது?

எமது நாட்டில் வங்கி வாசல்களிலும் பணம் ஏற்றிச் செல்லும் வாகனங்களின் அருகிலும் காவலாளிகள் ஏந்தி நிற்கும் நீண்ட குழல் துப்பாக்கிகளை நாம் கண்டிருக்கின்றோம். பொலிஸ் செய்திகளில் 'ரிப்பீட்டர்' என்று குறிப்பிடப்படுவதும் பெரும்பாலும் இந்த இனத்தையே. 'பம்ப் அக்ஷன் ஷொட்கன்' எனப்படும் இத்துப்பாக்கி, அமெரிக்காவில் பொலிஸாரின் கடமை ஆயுதமாகவும் சாதாரண குடும்பங்களின் வீட்டுக் காவல் ஆயுதமாகவும் நெடுங்காலமாக இருந்து வருகின்றது. அங்கு ஆயுதக் கடைக்குச் செல்லும் ஒருவர் கேட்கும் முதற் கேள்வி, ஆபத்து வேளையில் கைவிடாத துப்பாக்கி எது என்பதாகும். இக்கேள்விக்கு அமெரிக்க அனுபவம் தரும் விடையை, ஆயுதம் வாங்கும் எண்ணமே இல்லாத எமது வாசகர்களும் அறிந்திருப்பது நல்லது. பாதுகாப்பின் பெயரால் ஆயுதம் கையளிக்கப்படும் எந்தச் சமூகத்துக்கும் அந்த விடை பொருந்தக் கூடியது.

முதலில் இத்துப்பாக்கியின் இயக்கத்தை விளங்கிக் கொள்வோம். குழலின் கீழே அதற்குச் சமாந்தரமாக இன்னொரு குழாய் இருக்கும். ரவைகள் ஒன்றன்பின் ஒன்றாக அதனுள் அடுக்கப்படுகின்றன. சுடுபவர் இடக்கையால் பற்றியிருக்கும் முன்கைப்பிடியைப் பின்னால் இழுக்கும்போது, சுடப்பட்ட ரவையின் வெற்றுக் கோது வெளியே வீசப்படும். அதே கைப்பிடியை முன்னால் தள்ளும்போது புதிய ரவை குழலின் அடியறைக்குள் சென்று பூட்டப்படும். இவ்வளவுதான் அதன் இரகசியம். தானியங்கித் துப்பாக்கியை இயக்குவது வெடியின் வாயு அல்லது அதன் பின்னுதைப்பு. எனவே ரவை வலுக்குறைந்ததாக இருந்தால் அது இடையில் நின்றுவிடக் கூடும். பம்ப் துப்பாக்கியை இயக்குவதோ மனிதனின் கை. ரவை வலுவானதாயினும் வலுக்குறைந்ததாயினும் அது இயங்கும். ஒரு ரவை வெடிக்காது போனாலும் கைப்பிடியை இழுத்துத் தள்ளினால் அடுத்த ரவை வந்து சேரும். இத்துப்பாக்கிக்கு 'நம்பகமானது' என்ற பெயரைப் பெற்றுக்கொடுத்த காரணம் இதுவே.

இந்தப் பெயர் ஒரே நாளில் வந்ததல்ல. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த ஜோன் பிரௌனிங் வடிவமைத்த வின்செஸ்டர் 1897 என்னும் துப்பாக்கி, முதலாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படையினருடன் பிரான்ஸின் பதுங்கு குழிகளுக்குச் சென்றது. குறுகிய அகழிகளுக்குள் அது ஏற்படுத்திய அழிவைக் கண்ட ஜேர்மனி, போர்ச் சட்டங்களுக்கு முரணான ஆயுதம் இது என 1918 செப்டெம்பரில் எதிர்ப்புத் தெரிவித்தது. அமெரிக்கா அதனை நிராகரித்தது. பின்னர் 1937 இல் வந்த இத்தாக்கா 37, நியூயோர்க், லொஸ் ஏஞ்சலிஸ் நகரங்களின் பொலிஸாரிடம் நீண்டகாலம் புழங்கியது. 1950 இல் ரெமிங்டன் நிறுவனம் 870 என்ற மாதிரியை வெளியிட்டது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் உற்பத்தியான அத்துப்பாக்கி, பல தசாப்தங்களாக அமெரிக்கப் பொலிஸ் வாகனங்களின் நிரந்தர உபகரணமாக விளங்கியது. 1960 களின் தொடக்கத்தில் சந்தைக்கு வந்த மொஸ்பேர்க் 500 அதன் பிரதான போட்டியாளர் ஆயிற்று. இன்றும் தெரிவு செய்பவரின் முன் நிற்பவை பெரும்பாலும் இவ்விரு குடும்பங்களே.

ஆனால், பெயரை மாத்திரம் பார்த்து வாங்குபவர் ஏமாறக் கூடும் என்பதை இங்கு சுட்டிக்காட்ட வேண்டியுள்ளது. ஒரே இலக்கத்தைத் தாங்கி வரும் துப்பாக்கிகள் எல்லாம் ஒரே தரத்தினவல்ல. வேட்டைக்காரர்களுக்கென மலிவு விலையில் செய்யப்படும் ஒன்றும், பொலிஸாருக்கெனச் செய்யப்படும் ஒன்றும் வெளித்தோற்றத்தில் சகோதரர்கள் போலிருப்பினும் உள்ளே உலோகம், வில்சுருள், மேற்பூச்சு ஆகியவற்றில் வேறுபடுகின்றன. மொஸ்பேர்க் 500 உடன் ஒப்பிடுகையில் அதன் 590ஏ1 மாதிரி தடித்த குழலையும், உலோகத்தாலான விசைக் காப்பையும் கொண்டது. அமெரிக்க இராணுவத்தின் 3443 என்ற நியமத்தின் கீழ், 3,000 முழுவலு ரவைகளைச் சுட்டுப் பார்க்கும் சோதனையில் அது தேறியது. உற்பத்தியாளரின் நிலையும் கவனிக்கத்தக்கது. ரெமிங்டன் நிறுவனம் 2018 இலும் 2020 இலும் இரு தடவைகள் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது. அதன் பின் அதன் உடைமைகள் பிரித்து விற்கப்பட்டன. நியூயோர்க் மாநிலத்தின் இலியன் நகரிலிருந்த அதன் பழைமையான தொழிற்சாலை 2024 இல் மூடப்பட்டது. ஆகவே ஒரு துப்பாக்கியின் மீது பொறிக்கப்பட்ட பெயரை விட, அது எந்த ஆண்டில், எந்தத் தேவைக்காகச் செய்யப்பட்டது என்பதே முக்கியமாகின்றது. நன்கு பேணப்பட்ட பழைய பொலிஸ் துப்பாக்கியொன்று புதிய மலிவுத் துப்பாக்கியை விட உறுதியானதாக இருக்கக் கூடும்.

அடுத்துப் பார்க்க வேண்டியது, ஆயுதம் அதனை ஏந்துபவரின் உடலுக்குப் பொருந்துகின்றதா என்பதாகும். '12 போர்' என்பது, குழலின் உள்விட்டத்துக்குச் சமமான 12 ஈயக் குண்டுகள் சேர்ந்தால் ஓர் இறாத்தல் எடை என்ற பழைய அளவு முறையைக் குறிக்கின்றது. அதன் உள்விட்டம் ஏறக்குறைய 18.5 மில்லிமீற்றர். அது தோளில் தரும் உதை கடுமையானது. மெலிந்த உடல்வாகினருக்கு 20 போர் துப்பாக்கி, அதாவது ஏறக்குறைய 15.6 மில்லிமீற்றர் விட்டமுடையது, பெரிதும் இலகுவாக இருக்கும். பிடங்கு நீண்டு போனால் குட்டைக் கையினர் முன்கைப்பிடியை முழுமையாக இழுக்க இயலாது திணறுவர். பாதுகாப்புப் பொத்தான் அமைந்திருக்கும் இடமும் வேறுபடும். ரெமிங்டனில் அது விசையின் பின்புறத்தில் குறுக்காகவும், மொஸ்பேர்க்கில் மேற்புறத்தில் பெருவிரல் எட்டும் இடத்திலும் உள்ளது. இடக்கைப் பழக்கமுள்ளோருக்குப் பின்னையது வசதியானது. குழலின் நீளத்தைப் பொறுத்தவரை, 1934 ஆம் ஆண்டின் தேசிய சுடுகலன் சட்டத்தின்படி 18 அங்குலத்துக்குக் குறைந்த குழலுள்ள ஷொட்கன்கள் விசேட பதிவுக்கு உட்பட்டவை. எனவே வீட்டுக்கென விற்கப்படுபவை பெரும்பாலும் அந்த அளவை ஒட்டியே அமைகின்றன.

இவ்வளவையும் பார்த்து வாங்கினாலும் நம்பகத்தன்மை முழுமை பெற்றுவிடுவதில்லை. கையால் இயங்கும் ஆயுதம் என்பதே அதன் பலம் எனக் கண்டோம். அதுவே அதன் பலவீனமுமாகும். பதற்றத்தில் முன்கைப்பிடியை முழுமையாகப் பின்னிழுக்காது பாதியிலேயே முன்தள்ளி விடுவது பயிற்சியற்றோர் இழைக்கும் வழமையான தவறு. அப்போது வெற்றுக் கோது வெளியேறாது, அல்லது புதிய ரவை ஏறாது. சுடுபவர் விசையை அழுத்துவார், எதுவும் நிகழாது. துப்பாக்கியில் பழுது எதுவும் இருப்பதில்லை.

1986 ஏப்ரல் 11 ஆந் திகதி மியாமி நகரில் அமெரிக்க மத்திய புலனாய்வுப் பிரிவினருக்கும் இரு வங்கிக் கொள்ளையருக்கும் இடையில் நிகழ்ந்த மோதல் இதன் மறுபக்கத்தைக் காட்டுகின்றது. அதில் இரு அதிகாரிகள் உயிரிழந்தனர். எட்மண்டோ மிரேலெஸ் என்னும் அதிகாரியின் இடது முன்கை சன்னம் பாய்ந்து சிதைந்து போயிருந்தது. ஆயினும் அவர் ரெமிங்டன் 870 துப்பாக்கியை ஒற்றைக் கையால் இயக்கி ஐந்து தடவைகள் சுட்டார். பின்னர் தமது கைத்துப்பாக்கியால் மோதலை முடிவுக்குக் கொண்டுவந்தார். அன்று ஆயுதம் கைவிடவில்லை என்பது உண்மையே. ஆனால் காயமுற்ற நிலையிலும் அதனை இயக்கும் அளவுக்கு அந்த ஆயுதத்தோடு பழகியிருந்த மனிதர் ஒருவர் அங்கு இருந்தார் என்பதும் அதேயளவு உண்மை.

எந்த ஆயுதமும் எல்லாச் சூழலுக்கும் ஏற்றதல்ல என்பதையும் அமெரிக்கா கற்றுக்கொண்டது. 1997 பெப்ரவரி 28 ஆந் திகதி லொஸ் ஏஞ்சலிஸின் வட ஹொலிவூட் பகுதியில், உடற்கவசம் அணிந்து தானியங்கித் துப்பாக்கிகளுடன் வந்த இரு கொள்ளையர் முன்னிலையில் ரோந்துப் பொலிஸாரின் கைத்துப்பாக்கிகளும் ஷொட்கன்களும் பயனற்றுப் போயின. அதன் பின்னர் ரோந்து வாகனங்களில் ரைபிள்கள் இடம்பிடிக்கத் தொடங்கின. பல நகரங்களில் பழைய பம்ப் ஷொட்கன்கள், உயிராபத்தைக் குறைக்கும் நோக்குடன் சிறு பை வடிவிலான ரவைகளைச் சுடும் கருவிகளாக மாற்றப்பட்டன. வலுக்குறைந்த ரவையையும் தடையின்றி இயக்கும் இயல்பு இங்கு கைகொடுத்தது.

ஆனால் அந்த மாற்றமே ஒரு படிப்பினையைத் தந்தது. 2011 ஜூன் மாதம் ஒரிகன் மாநிலத்தின் போட்லன்ட் நகரில் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர், பை ரவைகளுக்கென ஒதுக்கப்பட்டிருந்த துப்பாக்கியில் தவறுதலாக உயிர்கொல்லி ரவைகளை ஏற்றி ஒருவரைச் சுட்டார். அந்த மனிதர் படுகாயமடைந்தார். நகர நிர்வாகம் 2.3 மில்லியன் டொலரை இழப்பீடாக வழங்கச் சம்மதித்தது. அன்று துப்பாக்கி துளியும் பிழைக்கவில்லை. ஏற்றப்பட்ட ஒவ்வொரு ரவையையும் அது ஒழுங்காகவே சுட்டது. கடமைக்கென ஆயுதம் தெரிவு செய்யும் எந்த நிறுவனமும், எந்த ரவை எங்கு வைக்கப்படும், யார் ஏற்றுவார், யார் சரிபார்ப்பார் என்ற ஒழுங்கையும் சேர்த்தே தெரிவு செய்ய வேண்டும் என்பதை இச்சம்பவம் உணர்த்தியது.

பொலிஸாரை விட்டு வீட்டுக்கு வருவோம். ஷொட்கன் பற்றிய சில நம்பிக்கைகள் சினிமாவிலிருந்து வந்தவை. குறி பார்க்கத் தேவையில்லை, சன்னங்கள் பரந்து சென்று அறை முழுவதையும் நிரப்பிவிடும் என்பது அவற்றுள் ஒன்று. குழலிலிருந்து ஒரு யார் தூரத்துக்கு ஏறக்குறைய ஓர் அங்குலம் என்ற அளவிலேயே சன்னங்கள் விரிகின்றன என்பது பொதுவான கணிப்பு. ஓர் அறையின் நீளத்துக்குள் அவை உள்ளங்கையளவு வட்டத்தைத் தாண்டுவது அரிது. குறி தவறினால் முழுவதும் தவறும். தவறிய சன்னங்கள் அங்கேயே நின்றுவிடுவதுமில்லை. 8 மில்லிமீற்றருக்குச் சற்று மேற்பட்ட விட்டமுள்ள ஒன்பது ஈயச் சன்னங்களைக் கொண்ட வழமையான 'பக்ஷொட்' ரவை, அமெரிக்க வீடுகளின் உட்சுவர்களான ஜிப்சம் பலகைகளை ஊடறுத்து அடுத்த அறைக்குள் செல்லும் வலுவுடையது. அடுத்த அறையில் உறங்குவது பெரும்பாலும் சொந்தப் பிள்ளைகளே.

மேல்மட்டத்திலிருந்து வரும் ஆலோசனையும் பிழைக்கலாம். 2013 இல் அப்போதைய துணை ஜனாதிபதி ஜோ பைடன், வீட்டைக் காக்க விரும்புவோர் இரட்டைக் குழல் ஷொட்கன் வாங்கலாம் என்றும், ஆபத்தின்போது வெளியே வந்து இரு வெடிகள் தீர்க்கலாம் என்றும் தமது மனைவிக்குக் கூறியதாகப் பகிரங்கமாகத் தெரிவித்தார். காரணமின்றி வெளியில் சுடுவதே பல இடங்களில் குற்றமாகும் எனச் சட்டம் அறிந்தோர் உடனடியாகவே சுட்டிக்காட்டினர்.

அதே ஆண்டு நவம்பர் 2 ஆந் திகதி அதிகாலையில், மிச்சிகன் மாநிலத்தின் டெட்ரொய்ட் நகரை அண்டிய டியர்போர்ன் ஹைட்ஸ் பகுதியில் நிகழ்ந்தது இந்த விடயத்தின் முழுக் கனத்தையும் எமக்கு உணர்த்துகின்றது. கார் விபத்தொன்றுக்கு உள்ளாகிச் சில மணி நேரத்தின் பின்னர், 19 வயது இளம்பெண் ஒருவர் ஒரு வீட்டின் கதவைத் தட்டினார். அவரிடம் ஆயுதம் எதுவும் இருக்கவில்லை. உள்ளே தனியாக இருந்த வீட்டுக்காரர் 12 போர் ஷொட்கனுடன் வந்து, வலைக்கதவின் ஊடாகச் சுட்டார். அப்பெண் அவ்விடத்திலேயே உயிரிழந்தார். துப்பாக்கி தற்செயலாக வெடித்தது என முதலில் கூறிய அவர், உயிரச்சத்தினால் சுட்டதாகப் பின்னர் நீதிமன்றில் வாதிட்டார். 2014 ஆகஸ்ட் மாதத்தில் அவர் இரண்டாந்தரக் கொலைக் குற்றவாளியாகக் காணப்பட்டு, பின்னர் நீண்டகாலச் சிறைத்தண்டனைக்கு ஆளானார். கொல்லப்பட்டவர் கறுப்பினத்தவர், சுட்டவர் வெள்ளையினத்தவர் என்பதால் அச்சம்பவம் நாடளாவிய கொந்தளிப்பையும் ஏற்படுத்தியது. ஆயுத விமர்சகர்களின் அளவுகோலால் பார்த்தால் அது நம்பகமான துப்பாக்கிதான். அழுத்தியவுடன் வெடித்தது. கதவுக்கு அப்பால் நிற்பவர் யார் என்பதை அறியும் பொறுமையை எந்தத் துப்பாக்கியும் தன்னுடன் கொண்டு வருவதில்லை.

ஆயுதத்தை வீட்டில் எவ்வாறு வைப்பது என்பதும் தெரிவின் ஒரு பகுதியே. பரவலாகப் பாவனையிலுள்ள பம்ப் ஷொட்கன்களின் பாதுகாப்புப் பொத்தான் விசையை மாத்திரமே தடுக்கின்றது. ரவை ஏற்றிய நிலையில் துப்பாக்கி கீழே விழுந்தால் அது வெடிக்காது என்பதற்கு உத்தரவாதமில்லை. இதனாலேயே அமெரிக்கப் பொலிஸார் தமது வாகனங்களில் குழலின் அடியறையை வெறுமையாக வைத்து, குழாயினுள் மாத்திரம் ரவைகளை வைக்கும் வழக்கத்தைக் கைக்கொண்டனர். வீட்டில் அதுவும் போதாது. பூட்டிய பெட்டகம் தேவை. வாஷிங்டனில் வீட்டுத் துப்பாக்கிகளைப் பூட்டியோ பிரித்தோ வைக்க வேண்டுமென்ற விதி, 2008 இல் 'ஹெலர்' வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பினால் வலுவிழந்தது. மறுபுறத்தில் சிறுவர்கள் உள்ள வீடுகளில் ஆயுதங்களைப் பூட்டி வைப்பதைக் கட்டாயமாக்கும் சட்டத்தை மிச்சிகன் மாநிலம் 2024 பெப்ரவரியில் நடைமுறைப்படுத்தியது. 2021 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் துப்பாக்கிகளால் நேர்ந்த 48,830 மரணங்களில் 26,328 தற்கொலைகளாகும். திருடனை எதிர்பார்த்து வாங்கிய ஆயுதம், மனமுடைந்த ஒருவரின் கைக்கு எட்டும் ஆயுதமாகவும் அதே வீட்டில் இருக்கின்றது.

எமது நாட்டின் நிலை வேறு. இங்கு ஆயுதம் வைத்திருப்பது உரிமையல்ல, அனுமதி. 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்க சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் முதலாக, அனுமதிப்பத்திரமின்றி எவரும் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. அந்த அனுமதியும் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டியது. தற்பாதுகாப்புக்கென வழங்கப்பட்ட துப்பாக்கிகளை மீளாய்வுக்காக ஒப்படைக்குமாறு 2024 நவம்பரில் பாதுகாப்பு அமைச்சு கோரியமையும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். யானையும் பன்றியும் பயிரை அழிக்கும் பிரதேசங்களில் விவசாயி ஒருவர் துப்பாக்கி கோருவது விளங்கிக்கொள்ளக் கூடியதே. ஆனால் காவலுக்கென வீடுகளில் இருந்த துப்பாக்கிகளே ஒரு காலத்தில் ஆயுதக் குழுக்களை அவ்வீடுகளுக்கு அழைத்து வந்தன. 1987 முதல் 1989 வரையிலான காலப்பகுதியில் தெற்கில் கிளர்ச்சியாளர்கள் வீடு வீடாகச் சென்று வேட்டைத் துப்பாக்கிகளைப் பறித்தனர். வடக்கு, கிழக்கு மக்களும் இத்தகைய அனுபவத்துக்குப் புதியவர்களல்லர்.

யுத்த காலத்தில் ஊர்காவற் படையினருக்கு ஷொட்கன்கள் வழங்கப்பட்டதை எல்லையோரக் கிராமங்களின் சிங்கள, முஸ்லிம் மக்களும், அயற் கிராமங்களின் தமிழ் மக்களும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த ஆயுதங்களை நம்பி உறங்கிய கிராமங்கள் இருந்தன. அதே ஆயுதங்கள் அயற் கிராமத்தின் அப்பாவிகளை நோக்கித் திரும்பிய நாட்களும் இருந்தன. இரண்டு வேளைகளிலும் ஆயுதம் ஒன்றே. அதனை ஏந்தியவருக்கு வழங்கப்பட்ட பயிற்சி என்ன, அவர் யாருக்குப் பதில் கூறக் கடமைப்பட்டிருந்தார், தவறிழைத்தபோது சட்டம் அவரைத் தொட்டதா என்பனவே விளைவைத் தீர்மானித்தன. இந்தக் கேள்விகளுக்கு விடை காணாமல் ஆயுதம் வழங்கியதன் விலையை இரு சமூகங்களும் செலுத்தின.

எனவே, நம்பகமான துப்பாக்கியைத் தெரிவு செய்வது எப்படி என்ற கேள்விக்கு ஒழுங்கான விடை இவ்வாறு அமையும். சட்டம் அதனை அனுமதிக்கின்றதா என்பது முதலாவது. அதனைப் பூட்டி வைக்க இடமும், வீட்டிலுள்ள ஒவ்வொருவரின் மனநிலை பற்றிய அறிவும் உண்டா என்பது இரண்டாவது. கை தானாக இயங்கும் வரை பழகுவதற்கு நேரமும், பாவிக்கவிருக்கும் அதே ரவைகளைச் சுட்டுப் பார்ப்பதற்கு முறையான சுடுதளமும் உண்டா என்பது மூன்றாவது. இருளில் நிற்பவர் பகைவரா, உதவி தேடி வந்தவரா என்று விசாரித்தறியும் நிதானம் உண்டா என்பது நான்காவது. இவற்றுக்கெல்லாம் விடை கண்ட பின்னரே ரெமிங்டனா மொஸ்பேர்க்கா என்ற கேள்விக்கு வர வேண்டும். உண்மையில் அது இலகுவான கேள்வி. கடமைத் தேவைக்கென நன்கு செய்யப்பட்ட மாதிரிகளில் எதுவும் போதுமானதே.

தனியார் காவல் நிறுவனங்களாயினும் சரி, படைத்தரப்பாயினும் சரி, ஒருவரின் கையில் துப்பாக்கியைக் கொடுப்போர் இந்த ஒழுங்கைத் தலைகீழாக்கிவிடக் கூடாது. வாசலில் காவல் நிற்கும் ஒரு முதியவரிடம் துப்பாக்கி இருப்பதை மாத்திரம் பாதுகாப்பு எனக் கொள்ள முடியாது. அவர் கடைசியாக எப்போது அதனைச் சுட்டுப் பழகினார், அதனுள் இருக்கும் ரவை எவ்வளவு பழையது என்று அவரை நியமித்தவர் அறிந்திருக்க வேண்டும். அறியாதிருப்பின், ஆபத்து வரும் நாளில் அந்த முதியவரும் அவரை நம்பி உள்ளே நிற்பவர்களுமே அதற்குரிய விலையைச் செலுத்த நேரிடும்.